பட்டியல் கைமாறும் வரை: தென் தமிழ்நாட்டிலிருந்து அணு வல்லமையும் ஒத்துழைப்பும் பற்றி ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

அணு ஆயுதப் போட்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் வாஷிங்டனிலோ மாஸ்கோவிலோ தொடங்குவது வழக்கம். இக்கட்டுரை ஆலங்குளத்தில் தொடங்குகிறது. தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் அல்ல. 1970-இல் அரசு சிமெண்ட் ஆலை வந்த, ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கிழக்கே கரிசல் காட்டில் இருக்கும் ஆலங்குளம். இங்கிருந்து தெற்கே போனால் ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு இடங்கள் வருகின்றன. ஒன்று கூடங்குளம்: ரஷ்யாவுடனான அணு ஒத்துழைப்பு கான்கிரீட்டாக எழுந்து நிற்கும் இடம். மற்றொன்று நாங்குநேரிக்கு அருகில் விஜயநாராயணம்: கடலடியில் இருக்கும் நீர்மூழ்கிகளுக்குச் செய்தி அனுப்பும் கடற்படை நிலையம். ஒத்துழைப்பும் தடுப்பு வல்லமையும் இவ்வளவு நெருக்கமாக அமைந்த நிலப்பகுதி இந்தியாவில் வேறு இல்லை என்றே நினைக்கிறேன்.

தடுப்பு வல்லமை என்று இங்கே சொல்வது, 'நீ முதலில் அடித்தாலும் திருப்பி அடிக்கும் சக்தி என்னிடம் மிச்சமிருக்கும். ஆகவே அடிக்காதே' என்று எதிரியை நம்ப வைப்பதை. ஒத்துழைப்பு என்று சொல்வது, அதே எதிரியோடு உட்கார்ந்து குண்டுகளை எண்ணுவது, உலைகளின் இடத்தைச் சொல்வது, ஏவுகணைச் சோதனைக்கு முன் தகவல் கொடுப்பது, எரிபொருளை வாங்கி விற்பது ஆகியவற்றை. இவை இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பது பொதுவான எண்ணம். இக்கட்டுரையின் கருத்து வேறு: இரண்டாவது நைந்துபோனால் முதலாவது வெறும் ஊகமாகிவிடும்.

2. 1988

இந்த ஆய்வுக்கு ஓர் ஆண்டை அச்சாணியாகக் கொள்ளலாம் என்றால் அது 1988.

அந்த ஜனவரியில் சோவியத் யூனியன் ஓர் அணுசக்தி நீர்மூழ்கியை இந்தியாவுக்குக் குத்தகைக்குக் கொடுத்தது. ஐ.என்.எஸ். சக்ரா என்று பெயரிடப்பட்ட அது 1991 வரை இந்தியக் கடற்படையில் இருந்தது. ஜூன் 1-ஆம் தேதி அமெரிக்காவும் சோவியத் யூனியனும் செய்துகொண்ட நடுத்தர தூர ஏவுகணை ஒழிப்பு ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 1991-க்குள் 2,692 ஏவுகணைகள் அழிக்கப்பட்டன. குறைக்கப்படவில்லை, ஒரு வகையே இல்லாமல் ஆக்கப்பட்டது. ஜூன் 9-ஆம் தேதி ஐ.நா. பொதுச் சபையில் ராஜீவ் காந்தி, 2010-க்குள் உலகில் அணு ஆயுதமே இல்லாமல் செய்யும் செயல்திட்டம் ஒன்றை முன்வைத்தார். ஆகஸ்டில் நெவாடாவிலும் செப்டம்பரில் செமிபலாடின்ஸ்கிலும், ஒருவர் வெடிக்க மற்றவர் பக்கத்திலேயே கருவி வைத்து அளந்த கூட்டுச் சோதனைகள் நடந்தன. நவம்பர் 20-ஆம் தேதி டெல்லியில் கோர்பச்சேவும் ராஜீவ் காந்தியும் இருக்க, கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. டிசம்பர் 31-ஆம் தேதி இஸ்லாமாபாதில், ராஜீவும் பெனசீர் பூட்டோவும் முன்னிலை வகிக்க, ஒருவர் அணு நிலையங்களை மற்றவர் தாக்குவதில்லை என்ற உடன்பாட்டில் இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கையெழுத்திட்டார்கள்.

ஒரே ஆண்டில் இத்தனையும் நடந்ததை இன்று படிக்கும்போது பொறாமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தைத் தூய வெள்ளையாகப் பார்ப்பதும் தவறு. ஐ.நா.வில் ஒழிப்புத் திட்டம் பேசிய அதே பிரதமர்தான் மறு ஆண்டு ஆயுதம் செய்யும் பணிக்கு இசைவளித்தார் என்று அரசு வட்டாரத்தில் பணியாற்றியவர்கள் பின்னாளில் எழுதியிருக்கிறார்கள். பாகிஸ்தானின் கஹுட்டாவில் செறிவூட்டல் வேலை அப்போது முழு வேகத்தில் நடந்துகொண்டிருந்தது. ஒருவரையொருவர் நம்பியதால் வந்த ஒத்துழைப்பு அல்ல அது. நம்பாதவர்கள் செய்துகொண்ட ஏற்பாடு என்பதால்தான் அது ஆராயத் தக்கது.

3. வல்லரசுகள்: கட்டியதும் கலைத்ததும்

3.1 எண்ணிப் பார்க்கும் உரிமை

1986 வாக்கில் உலகில் ஏறத்தாழ 70,000 அணுகுண்டுகள் இருந்தன. ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் 2025-ஆம் ஆண்டுக் கணக்குப்படி அது 12,241. இந்த இறக்கத்தில் பெரும்பகுதி வல்லரசுகள் இரண்டும் ஒப்பந்தம் போட்டு, ஒருவர் முற்றத்துக்குள் மற்றவர் போய்ப் பார்த்ததால் வந்தது.

போய்ப் பார்ப்பது என்றால் என்ன? 2010 ஏப்ரல் 8-ஆம் தேதி பிராகாவில் கையெழுத்தான 'புதிய ஸ்டார்ட்' ஒப்பந்தத்தை எடுத்துக்கொள்வோம். ஏவத் தயாராக நிறுத்தப்பட்ட தொலைதூரக் குண்டுகள் 1,550. அவற்றைச் சுமக்கும் ஏவுகணைகளும் விமானங்களும் 700. இதுதான் உச்சவரம்பு. ஒவ்வொரு தரப்பும் ஆண்டுக்கு 18 முறை மற்றவர் தளத்துக்கு ஆய்வாளர்களை அனுப்பலாம். வந்திறங்கும் ஆய்வாளர் எந்த ஏவுகணையைப் பார்க்க வேண்டும் என்று அங்கே போன பிறகுதான் சொல்வார். அதன் மேல்மூடியைக் கழற்றிக் காட்டுவார்கள். உள்ளே இருக்கும் குண்டுகள் உறையிட்டு மூடியிருக்கும். தொடக்கூடாது, திறக்கக்கூடாது, எண்ணிக்கொள்ளலாம். அறிவித்த எண்ணும் கண்ணில் பட்ட எண்ணும் ஒத்துப்போகிறதா என்பதுதான் கேள்வி. இப்படி 300-க்கும் மேற்பட்ட ஆய்வுகள் நடந்தன.

2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டி ஆய்வு நின்றது. கொரோனா போன பிறகும் அது திரும்பவில்லை. உக்ரைன் போர் ஓராண்டை நெருங்கிய 2023 பிப்ரவரி 21-ஆம் தேதி ரஷ்யா ஒப்பந்தத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. வரம்பை மட்டும் மீறமாட்டோம் என்றது. 2026 பிப்ரவரி 5-ஆம் தேதி, மாற்று ஒப்பந்தம் எதுவும் இல்லாமல், அது காலாவதியானது. இடைப்பட்ட சில ஆண்டுகள் விசித்திரமானவை: வரம்பு இருந்தது, எண்ணிப் பார்க்க ஆள் இல்லை.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இந்த நிலையை விளக்கவே வேண்டாம். வெம்பக்கோட்டை, சிவகாசி வட்டாரப் பட்டாசு ஆலைகளில் 'நாக்பூர் லைசென்ஸ்' என்று சொல்லப்படும் மத்திய உரிமத்தில் ஓர் அறைக்கு இத்தனை பேர், இத்தனை கிலோ வெடிமருந்து என்று எழுதியிருக்கும். அறைக்கும் அறைக்கும் இத்தனை மீட்டர் இடைவெளி என்றும் இருக்கும். அதிகாரி வந்து எண்ணும் நாளில் அறைக்கு நான்கு பேர்தான் இருப்பார்கள். அவர் வராமல் போனால் மருந்தின் குணம் மாறிவிடுவதில்லை. அறையில் உட்காரும் ஆள்களின் எண்ணிக்கை மாறும். பிறகு மரத்தடியில் வைத்தும் மருந்து செலுத்துவார்கள். ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் பத்திரிகையில் வரும் காரணம் இதுதான். வல்லரசுகளின் விஷயத்திலும் ஆபத்து கூடியது புதுக் குண்டு வந்ததால் மட்டுமல்ல.

3.2 குண்டிலிருந்து மின்விளக்குக்கு

பனிப்போருக்குப் பிந்தைய ஒத்துழைப்பில் மிக அழகானது, பலரும் மறந்துவிட்டது, 1993-இல் ஒப்பந்தமான யுரேனிய வணிகம். எம்.ஐ.டி.யைச் சேர்ந்த தாமஸ் நெஃப் என்ற இயற்பியலாளர் 1991 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய ஒரு கட்டுரையில்தான் அந்த யோசனை முதலில் வந்தது. சோவியத் குண்டுகளிலிருந்து எடுத்த, 90 சதவீதம் அளவுக்குச் செறிவூட்டிய யுரேனியத்தை, 5 சதவீதத்துக்கும் கீழாகக் கரைத்து, அமெரிக்க மின் உலைகளுக்கு விற்றுவிடலாம் என்றார் அவர். அப்படியே நடந்தது. 2013 இறுதியில் கடைசிக் கப்பல் போய்ச் சேர்ந்தபோது 500 டன், அதாவது சுமார் 20,000 குண்டுகளுக்கான சரக்கு, எரிபொருளாகியிருந்தது. அந்த ஆண்டுகளில் அமெரிக்க மின்சாரத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அமெரிக்க நகரங்களைக் குறிவைத்திருந்த குண்டுகளிலிருந்து வந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகவே சொல்லலாம். சரிவின் கதைகள் ஒரே மாதிரிதான் இருக்கும். ஏவுகணை எதிர்ப்பு ஒப்பந்தத்திலிருந்து 2002-இல் அமெரிக்கா விலகியது. ஆளுக்கு 34 டன் புளுட்டோனியத்தை அழிப்பது என்ற 2000-ஆம் ஆண்டு உடன்பாட்டை 2016-இல் ரஷ்யா நிறுத்திவைத்து, 2025-இல் ரத்தே செய்துவிட்டது. நடுத்தர தூர ஏவுகணை ஒப்பந்தம் 2019 ஆகஸ்ட் 2-ஆம் தேதி முடிந்தது. பரந்த வானம் ஒப்பந்தத்திலிருந்து 2020-இல் அமெரிக்காவும் மறு ஆண்டு ரஷ்யாவும் வெளியேறின. அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்துக்குக் கொடுத்த ஏற்பை 2023 நவம்பரில் ரஷ்யா திரும்பப் பெற்றது. அமெரிக்கா அதை ஏற்றதே இல்லை. ரஷ்ய யுரேனியத்தை இறக்குமதி செய்யத் தடை விதிக்கும் சட்டத்தில் 2024 மே மாதம் பைடன் கையெழுத்திட்டார். நெஃப் போட்ட பாதை இரு முனையிலும் அடைபட்டது.

4. கூடங்குளம்

4.1 தாளின் ஆயுள்

கூடங்குளம் ஒப்பந்தம் கையெழுத்தான மூன்றாண்டில், கையெழுத்திட்ட நாடே இல்லாமல் போயிற்று. 1992-இல் அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு, எல்லா அணு நிலையங்களையும் பன்னாட்டுக் கண்காணிப்புக்குத் திறக்காத நாட்டுக்கு உலை விற்கக்கூடாது என்று விதி போட்டது. அந்தக் குழு உருவானதே 1974 மே 18-ஆம் தேதி இந்தியா பொக்ரானில் நடத்திய வெடிப்பின் காரணமாகத்தான். 1998 மே மாதம் இந்தியா மறுபடி சோதனை நடத்தியது. அமெரிக்கா தடைகளை அடுக்கியது. சோதனை முடிந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 21-ஆம் தேதி ரஷ்யா டெல்லியில் கூடங்குளத்துக்கான துணை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. அமெரிக்கா ஆட்சேபித்தபோது ரஷ்யா கொடுத்த பதில்: எங்கள் ஒப்பந்தம் 1988-இல் போட்டது, உங்கள் விதி 1992-இல் வந்தது.

சட்டம் படித்தவர்கள் ரசிக்கும் வாதம் இது. ஆனால் இதே ரஷ்யா சில ஆண்டுகளுக்கு முன்பு கிரையோஜெனிக் எஞ்சின் விஷயத்தில் அமெரிக்க அழுத்தத்துக்குப் பணிந்து, தொழில்நுட்பத்தைத் தராமல் எஞ்சின்களை மட்டும் தர ஒப்புக்கொண்டது. அந்தத் தொழில்நுட்பத்தை இஸ்ரோ சொந்தமாக வளர்த்தெடுத்துச் சோதித்த மகேந்திரகிரி, கூடங்குளத்துக்கும் விஜயநாராயணத்துக்கும் அக்கம்பக்கம்தான். ஒரு வல்லரசின் உறுதி அதன் கொள்கையால் வருவதைவிட அந்த நேரத்து நிலைமையால் வருவது அதிகம் என்பதற்குத் தென் தமிழ்நாட்டிலேயே இரண்டு சான்றுகளும் உண்டு.

2002 மார்ச்சில் முதல் கான்கிரீட். முதல் உலை 2013 அக்டோபர் 22-ஆம் தேதி மின்தொகுப்பில் இணைந்தது. இரண்டாவது 2016 ஆகஸ்டில். மூன்று, நான்கு, ஐந்து, ஆறு கட்டுமானத்தில் உள்ளன. இதற்கு எதிர்ப்பக்கத்தில் 2008-ஐ வைத்துப் பார்க்கலாம். அந்த ஆண்டு செப்டம்பர் 6-ஆம் தேதி அணுப்பொருள் வழங்கும் நாடுகள் குழு இந்தியாவுக்கு விலக்கு அளித்தது. இந்திய அமெரிக்க அணு ஒப்பந்தத்துக்காக மன்மோகன் சிங் அரசு கவிழும் விளிம்புவரை போய் வந்தது. பலன்? ஆந்திரத்தின் கொவ்வாடாவில் அமெரிக்க உலை ஒன்றும் எழவில்லை. மகாராஷ்டிரத்தின் ஜைதாபூரில் பிரெஞ்சு உலையும் எழவில்லை. விபத்து நேர்ந்தால் உலையை விற்றவரும் பொறுப்பு என்று சொன்ன 2010-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு காரணம், விலை இன்னொன்று. 2025 டிசம்பரில் நாடாளுமன்றம் புதிய சட்டம் இயற்றி அந்தத் தடையை அகற்றியிருக்கிறது. நட்புக் காலத்து ஒப்பந்தம் காகிதமாக நிற்க, பனிப்போர்க் காலத்து ஒப்பந்தம் உலையாக நிற்கிறது.

4.2 கரையில் நடந்தது

இந்த உலகக் கணக்கு எதுவும் கூடங்குளத்தை ஒட்டிய மீனவக் கிராமமான இடிந்தகரைக்குத் தெரியாமல் இல்லை. 1989 மே 1-ஆம் தேதி கன்னியாகுமரியில் மீனவர் பேரணி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கலைந்த நாள்முதல் எதிர்ப்பு இருந்தது. ஃபுகுஷிமா உலை விபத்துக்குப் பிறகு, 2011 ஆகஸ்டில் அது இடிந்தகரையில் பந்தலாக ஊன்றியது. சுப. உதயகுமாரன் தலைமையிலான மக்கள் இயக்கம் கேட்டது எளிய கேள்விகள்: விபத்தானால் எங்கே ஓடுவது, கடல் சுட்டால் மீன் எங்கே போகும், எரிந்த எரிபொருளை எங்கே வைப்பீர்கள். கடைசிக் கேள்விக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1988 ஒப்பந்தப்படி எரிந்த எரிபொருள் சோவியத் நாட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். 1998-இல் அது இந்தியாவிலேயே தங்கும் என்று மாறிற்று. கரையோரத்தில் யாரையும் கேட்டு மாற்றியதல்ல.

2012 பிப்ரவரியில் 'சயின்ஸ்' இதழுக்கு அளித்த பேட்டியில் பிரதமர் மன்மோகன் சிங், போராட்டத்துக்குப் பின்னால் அமெரிக்காவிலிருந்து இயங்கும் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். வல்லரசுப் போட்டி இப்படியும் ஒரு மீனவக் கிராமத்துக்கு வந்துசேரும். பீடி சுற்றிக்கொண்டே உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்கள் ரஷ்யாவுக்கு எதிரான அமெரிக்கக் காய்கள் ஆனார்கள். அபத்தம்தான். ஆனால் அது தேர்ந்தெடுத்த அபத்தம்: ரஷ்ய உலை என்பதால் எதிர்ப்பு அமெரிக்காவிலிருந்துதான் வர வேண்டும் என்ற தர்க்கம்.

இங்கே ஆலங்குளம் பக்கத்து நிலையையும் பதிவுசெய்ய வேண்டும். அந்த ஆண்டுகளில் மின்வெட்டு ஊரை வாட்டியது. ராஜபாளையத்து நூற்பாலைகளுக்கு ஜெனரேட்டர் டீசல் செலவே கையைக் கடித்தது. சத்திரப்பட்டியில் மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிகள் கரண்ட் வரும் நேரம் பார்த்து ஓடின. கடற்கரை எந்த உலையை மூடச் சொன்னதோ அதைத்தான் கரிசல்காடு சீக்கிரம் திறக்கச் சொன்னது. இரண்டு பக்கமும் பேசியது மின்சாரத்தையும் உயிரையும் பற்றி. அது எந்த உலக ஏற்பாட்டின் உறுப்பு என்பதை இரண்டு பக்கமும் அதிகம் பேசவில்லை. 2013 மே 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு உலைக்கு அனுமதி அளித்தது.

4.3 சார்பின் உருவம்

கூடங்குளத்துக்கு எரிபொருள் வருவது ரஷ்யாவிலிருந்து மட்டும். 2022 முதல் புது வகை எரிபொருள் தொகுப்புகள் வந்ததால் 12 மாதத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டிய உலையை 18 மாதம்வரை ஓட்ட முடிகிறது. நல்ல முன்னேற்றம், கூடவே சார்பும் நீள்கிறது. 2023 செப்டம்பரில், ரஷ்யாவிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்கு வந்த இரண்டு நீராவி உற்பத்திக் கலன்களை மிதவையில் ஏற்றிக் கடல்வழியாக இழுத்துப் போனார்கள். கூடங்குளத்துக்குப் பக்கத்திலேயே இழுவைக் கயிறு அறுந்து மிதவை பாறையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம். அதை மீட்டுக் கரைசேர்க்க வாரக்கணக்கில் ஆயிற்று. ஐந்தாம், ஆறாம் உலைக்கான பொருள் அது. உள்ளூரில் செய்ய முடியாத, வேறு நாட்டில் உடனே வாங்கவும் முடியாத பொருள்.

தாராப்பூர் அணுமின் நிலையத்தில் இந்தப் பாடம் முன்பே படித்ததுதான். அமெரிக்கா 1963-இல் ஒப்பந்தம் போட்டு உலை தந்தது. 1974 வெடிப்புக்குப் பிறகு எரிபொருளை இழுத்தடித்து, 1978 சட்டத்தைக் காட்டி நிறுத்தியது. பிறகு பிரான்ஸ், அதற்குப் பிறகு சீனா, அதற்குப் பிறகு ரஷ்யா என்று மாறி மாறி வாங்கி ஓட்ட வேண்டியதாயிற்று. சீனாவும் எரிபொருள் கொடுத்திருக்கிறது என்பதை இன்றைய இளைஞர்கள் நம்பமாட்டார்கள்.

கூடங்குளத்தின் உடன்பிறப்புகளுக்கு நேர்ந்ததையும் பார்க்க வேண்டும். உக்ரைனின் ஸப்பரோஷியாவில் இருக்கும் ஆறு உலைகளும் இதே ரஷ்ய ஆயிரம் மெகாவாட் குடும்பம். 2022 மார்ச் 4-ஆம் தேதி ரஷ்யப் படை அதைப் பிடித்தது. இயங்கிக்கொண்டிருந்த பெரிய அணுமின் நிலையம் போரில் கைப்பற்றப்பட்டது அதுவே முதல்முறை. 2025 ஜூனில் இஸ்ரேலும் பிறகு அமெரிக்காவும் ஈரானின் நதான்ஸ், ஃபோர்டோ, இஸ்ஃபஹான் நிலையங்களைத் தாக்கின. அதே குடும்பத்து உலை இருக்கும் புஷேர் அந்தத் தாக்குதல்களுக்குத் தப்பியது. அணு நிலையத்தைத் தாக்கக்கூடாது என்ற எழுதாத கூச்சம் உலகில் இப்போது இல்லை.

5. விஜயநாராயணம்

வீரபாண்டியக் கட்டபொம்மன் பெயரைத் தாங்கிய அந்தக் கடற்படை நிலையம் 1990 முதல் இயங்குகிறது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் அலைகளை அனுப்புவதே அதன் வேலை. சாதாரண ரேடியோ அலை கடல்நீரில் நுழையாது. இந்த அலை சில பத்து மீட்டர் ஆழம்வரை போகும். நீர்மூழ்கி மேலே வராமலேயே கேட்டுக்கொள்ளலாம். பதில் சொல்ல முடியாது. ஒருவழிச் செய்தி, அதுவும் மெதுவாக, சில எழுத்துகள். நெடுஞ்சாலையில் போகும்போது தெரியும் உயர்ந்த கோபுரங்களைப் பார்த்து டிவி டவர் என்று குழந்தைகளுக்குச் சொல்கிறவர்கள் உண்டு.

இந்தியா 2003 ஜனவரி 4-ஆம் தேதி வெளியிட்ட அணுக் கோட்பாட்டின் உயிர்நிலை இங்கே இருக்கிறது. முதலில் பயன்படுத்த மாட்டோம் என்று சொன்ன நாடு, முதல் அடியை வாங்கிய பிறகும் மிஞ்சும் ஆயுதம் வைத்திருந்தாக வேண்டும். நிலத்தில் இருப்பதைக் கண்டுபிடித்துவிடலாம். கடலடியில் இருப்பதைக் கண்டுபிடிப்பது கடினம். 2016-இல் படையில் சேர்ந்த அரிஹந்த், 2024 ஆகஸ்டில் சேர்ந்த அரிகாட் ஆகியவை அந்த மிச்சம். அரிஹந்தின் உலைக்கு முன்மாதிரி கல்பாக்கத்தில் ஓடிப் பார்த்தது. இந்தியக் கடற்படையினர் அணு நீர்மூழ்கியில் பழகியது சோவியத் குத்தகை சக்ராவில். ஆக, தடுப்பு வல்லமை என்று இந்தியா இன்று பெருமைப்படுவதன் கருவிலேயே ஒத்துழைப்பு இருக்கிறது. இரண்டையும் தனித்தனிப் பெட்டிகளில் போட்டுப் பேசும் நூல்கள் எனக்கு அலுப்பூட்டுவது இதனால்தான்.

அலை ஒருவழி என்பதில் ஓர் ஆபத்தும் உண்டு. கடலடியில் ரோந்து போகும் நீர்மூழ்கியில் ஏவுகணையும் குண்டும் இணைந்தே இருக்க வேண்டும். தளத்தில் தனித்தனியாக வைத்திருக்கும் பழைய பாதுகாப்பு அங்கே செல்லாது. எதிரி நாட்டுக்கு இந்த ஏற்பாட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டிய குறைந்தபட்சத் தகவல் எது, தெரியக்கூடாதது எது என்பதை வல்லரசுகள் பல பத்தாண்டுகள் பேரம் பேசி வரையறுத்தன. நம் பகுதியில் அந்தப் பேச்சு தொடங்கவே இல்லை.

6. இந்தியாவும் பாகிஸ்தானும்

6.1 ஜனவரி முதல் தேதி

1981-இல் இஸ்ரேல் இராக்கின் ஒசிராக் உலையைக் குண்டுபோட்டுத் தகர்த்தது. அதைப் பார்த்து இந்தியாவும் கஹுட்டாவை அப்படிச் செய்யலாம் என்ற பேச்சு எண்பதுகளில் அடிக்கடி கிளம்பியது. அந்தப் பயத்துக்குப் போட்ட கட்டுதான் 1988 டிசம்பர் உடன்பாடு. சிறியது, ஒன்றிரண்டு பக்கம்தான். மின் உலை, ஆய்வு உலை, எரிபொருள் ஆலை, செறிவூட்டல் ஆலை எதையும் தாக்குவதில்லை. அவற்றின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஆண்டுதோறும் ஜனவரி 1-ஆம் தேதி பரிமாறிக்கொள்வது.

1992-இல் முதல் பட்டியல் கைமாறியது. அதன்பின் கார்கில் போர் நடந்தது. நாடாளுமன்றத் தாக்குதல் நடந்து, பத்து மாதம் எல்லையில் படை குவிந்து நின்றது. மும்பை, புல்வாமா, பாலகோட் நடந்தன. தூதர்கள் திருப்பி அனுப்பப்பட்டார்கள், பேருந்து நின்றது, ரயில் நின்றது, வணிகம் நின்றது. 2025 ஏப்ரலில் சிந்து நதி ஒப்பந்தமே நிறுத்திவைக்கப்பட்டது. மே மாதம் நான்கு நாள் சண்டை நடந்தது. 2026 ஜனவரி 1-ஆம் தேதியும் பட்டியல் கைமாறியது. 35-ஆவது முறை.

பட்டியல் ரகசியம். ஆனால் உடன்பாட்டின் வாசகப்படி கூடங்குளம் அதில் இல்லாமல் இருக்க முடியாது. எந்த உலையை ரஷ்யா கட்டியதோ, எதைத் திறக்கக்கூடாது என்று இடிந்தகரை போராடியதோ, எதன் மின்சாரத்தில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டுக்கு வருகிறதோ, அதன் இருப்பிடத்தை இந்திய அரசே பாகிஸ்தானுக்கு எழுதிக் கொடுக்கிறது, தாக்காதே என்பதற்காக.

பட்டியல் உண்மையானதா, முழுமையானதா என்று ஐயப்படுவோர் உண்டு. நியாயமான ஐயம். சரிபார்க்க ஏற்பாடு எதுவும் அதில் இல்லை. வல்லரசுகளின் ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டால் இது மிகவும் எளியது, ஏறக்குறைய வெகுளித்தனமானது. ஆனால் எளியது பிழைத்திருக்கிறது. சிக்கலானது செத்துப்போயிற்று. இதிலிருந்து எளிய உடன்பாடே சிறந்தது என்று முடிவுக்கு வர நான் தயாரில்லை. இரு தரப்பும் எதையும் இழக்காமல் கொடுக்கக்கூடிய தகவல் என்பதால் இது தொடர்கிறது. அவ்வளவுக்குத்தான் இதன் பயனும்.

6.2 மியான் சன்னு

அந்தப் பயனின் எல்லை எங்கே என்று காட்டியது 2022 மார்ச் 9-ஆம் தேதி மாலை. வழக்கமான பராமரிப்பின்போது இந்திய விமானப்படையின் பிரம்மோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி, பாகிஸ்தானுக்குள் 120 கிலோமீட்டருக்கும் மேலாகப் போய், மியான் சன்னு என்ற ஊரருகே விழுந்தது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. பாகிஸ்தான் மறுநாள் வெளியே சொன்னது. இந்தியா மார்ச் 11-ஆம் தேதிதான் வருத்தம் தெரிவித்து ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டனர்.

அணு ஆயுதம் வைத்திருக்கும் ஒரு நாடு இன்னோர் அணு ஆயுத நாட்டின்மேல் தவறுதலாக ஏவுகணை வீசியது என்பது பனிப்போர்க் காலத்திலும் நடக்காதது. போர் வராததற்குத் தடுப்பு வல்லமை காரணமா? சற்றே யோசித்தால், வல்லமை அங்கே வேலை செய்யவே இல்லை. பாகிஸ்தானின் அதிகாரிகள் நிதானம் காட்டினார்கள். காலம் சாதாரண காலமாக இருந்தது. ஏவுகணை வயல்வெளிப் பக்கம் விழுந்தது. 2025 மே மாதம் இதே தவறு நடந்திருந்தால் கணக்கு வேறு.

இரு நாடுகளும் 2005-இல் ஏவுகணைச் சோதனைக்கு முன்னறிவிப்புத் தரும் உடன்பாடு செய்துகொண்டன. அது பாலிஸ்டிக் ஏவுகணைக்கு மட்டும். பிரம்மோஸ் குரூஸ் வகை, அதில் அடங்காது. குரூஸையும் சேர்க்க வேண்டும் என்று பாகிஸ்தான் கேட்டது; இந்தியா இசையவில்லை. 2007-இல் அணு ஆயுத விபத்து பற்றித் தகவல் தரும் உடன்பாடு வந்தது; மியான் சன்னுவில் விழுந்தது அணு ஆயுதமல்ல, அதிலும் அடங்காது. மிஞ்சியது ராணுவச் செயல்பாட்டுத் தலைமை இயக்குநர்களின் தொலைபேசி. 2022-இல் இந்தியா அதை எடுத்துப் பேசவில்லை என்பது பாகிஸ்தானின் குற்றச்சாட்டு. 2025 மே 10-ஆம் தேதி பிற்பகல் 3.35 மணிக்கு அதே தொலைபேசி ஒலித்தது. மாலை 5 மணிக்குச் சண்டை நின்றது. யார் சொல்லி நின்றது என்று டெல்லியும் வாஷிங்டனும் இன்னும் வழக்காடுகின்றன. பேச ஓர் இணைப்பு இருந்தது என்பதில் யாருக்கும் வழக்கில்லை.

7. சீனா என்னும் மௌனம்

சீனாவிடம் 2025 கணக்கில் சுமார் 600 குண்டுகள். இந்தியாவிடம் 180, பாகிஸ்தானிடம் 170. சீனாவோடு இந்தியாவுக்குப் பட்டியலும் இல்லை, ஏவுகணை முன்னறிவிப்பும் இல்லை. இந்தியாவை அணு ஆயுத நாடாகவே ஏற்காததால் அதுபற்றிப் பேச சீனா உட்காராது. அமெரிக்காவோடு பேசவும், உங்கள் எண்ணிக்கை எங்கள் அளவுக்கு இறங்கட்டும் என்கிறது. கல்வானில் 2020-இல் கம்பும் கல்லுமாக இருபது இந்திய வீரர்கள் இறந்தபோது துப்பாக்கி வெடிக்காததற்குக் காரணம் 1996-இல் போட்ட ஒரு பழைய எல்லை உடன்பாடு. அதற்குமேல் இங்கே ஆராய ஆவணம் இல்லை.

8. இரண்டு மறுப்புகள்

குண்டு இருந்தால் போதும், காகிதம் எதற்கு என்பது முதல் மறுப்பு. இதைச் சொல்கிறவர்கள் 1962 கியூபா நெருக்கடியைக் காட்டுவார்கள். ஆனால் அந்த நெருக்கடியில் மயிரிழையில் தப்பிய இரு தலைவர்களும் மறு ஆண்டு ஜூனில் நேரடித் தொடர்பு இணைப்பும் ஆகஸ்டில் பகுதிச் சோதனைத் தடையும் செய்துகொண்டார்கள். குண்டு போதும் என்று அவர்களே நம்பவில்லை.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. இத்தகைய உடன்பாடுகள் அணு ஆயுதத்தையும் அணு உலையையும் வழக்கமான பொருளாக்கிவிடுகின்றன, ஒழிப்பைத் தள்ளிப்போடுகின்றன என்பார்கள் அணு எதிர்ப்பாளர்கள். இதில் உண்மை உண்டு. ராஜீவ் காந்தி குறித்த 2010 வந்தபோது உலகம் கொண்டாடியது ஒழிப்பை அல்ல, 1,550 என்ற வரம்பை. ஆனால் ஒழிப்புக்கும் எண்ணத் தெரிந்திருக்க வேண்டும். எண்ணும் முறையும், எண்ணிப் பழகிய ஆட்களும், அவர்கள் தங்கள் எதிர்த்தரப்பினரோடு வளர்த்த பழக்கமும் இல்லாமல் போனபின், நாளை நல்ல காலம் வந்தாலும் தொடங்க ஆள் இருக்க மாட்டார்கள்.

9. இனி வேண்டியவை

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. 2005 உடன்பாட்டில் குரூஸ் ஏவுகணையைச் சேர்ப்பது ஒன்று. மியான் சன்னுவுக்குப் பிறகு இந்தியா இதை மறுப்பதற்கு நல்ல காரணம் எதுவும் தென்படவில்லை.

1988 உடன்பாட்டில் 'தாக்குதல்' என்பதற்குள் கணினிவழித் தாக்குதலைக் கொண்டுவருவது மற்றொன்று. 2019 அக்டோபரில் கூடங்குளத்தின் நிர்வாகக் கணினி ஒன்றில் தீநிரல் புகுந்ததை முதலில் மறுத்து, மறுநாளே அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையைக் கட்டுப்படுத்தும் கணினிகள் தனியானவை, பாதிப்பில்லை என்றது. வல்லுநர்கள் வடகொரியக் குழு ஒன்றைக் கைகாட்டினார்கள். அது எதிரி நாட்டின் வேலை என்று ஒரு நெருக்கடி நாளில் தவறாக நம்பப்பட்டிருந்தால் என்ன செய்வது என்பதற்கு எந்தத் தாளிலும் விடையில்லை.

மூன்றாவது, 2025 டிசம்பர் சட்டத்தால் எழுவது. இனித் தனியார் நிறுவனங்களும் அணுமின் நிலையம் வைக்கலாம். உடன்பாடு உரிமையாளர் யார் என்று பார்ப்பதில்லை. உலை எங்கே என்றுதான் கேட்கிறது. ஆகவே ஒவ்வொரு தனியார் உலையும் எரிபொருள் ஏற்றும் முன்பே இடவிவரத்தை வெளியுறவு அமைச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும் என்று உரிம நிபந்தனையிலேயே எழுதிவிட வேண்டும். அடுத்த ஜனவரி 1-ஆம் தேதிக்கான பட்டியலைத் தயாரிப்பவர் செய்தித்தாள் பார்த்துச் சேர்க்கும் நிலை வரக்கூடாது.